ஓட்டுநர் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே உன் தம்பி நலம், அவன் மனைவி நலம், பால்கனிச் செடிகள்கூட நலம். நான் நலமா என்பதைக் கடைசித் தாள் வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன், இரண்டு முறையும் உன் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினதை அடித்துத் திருத்தலாம், பேசினதைத் திருத்த முடியாது என்று கான்வென்ட் பள்ளியில் மதர் சொல்வார். இது ஐந்தாவது முயற்சி, முதல் நான்கும் குப்பைக்கூடையில் கிடக்கின்றன. சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நம் பழைய மோரிஸ் மைனர் காரின் மட்கார்டில் விழுந்த ஒடுக்கைப் பற்றியது. ஆமாம், அதேதான். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், உன் பதினேழாவது வயதில், நீதான் போட்டாய் என்று நான் தீர்ப்பு எழுதிய ஒடுக்கு.

மூன்று வாரமாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றுகிறது, ஜன்னலுக்குப் போனால் அலமாரியைத் திறக்கத் தோன்றுகிறது, திறந்தால் எதற்குத் திறந்தேன் என்பது மறந்துபோகிறது. உன் தம்பி மனைவி நல்ல பெண், வாய் கொஞ்சம் அதிகம், நேற்று என்னிடம், "அத்தை, கொஞ்சம் உக்காருங்களேன், நீங்க நடக்கறதப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்கிறாள். உன் தம்பி அதற்குமேல், "அம்மாவுக்குச் சாவிய எடுத்தாலும் இன்ஜின் நிக்காது, விடு" என்று சிரிக்கிறான். அவனுக்கு எடை கூடிவிட்டது, லிஃப்ட் பழுதாகிப் பத்து நாளாகிறது, நான்கு மாடி ஏறி வந்து அவன் விடுகிற மூச்சைக் கேட்டால் எனக்கு அடுத்த கவலை. நீ பேசும்போது ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் ஏறாது. அடுத்த வீட்டில் தரையை உடைத்துப் புதுசாக ஓடு பதிக்கிறார்கள், காலையிலிருந்து சுத்தியல் சத்தம். போட்ட காபி ஆறிப்போகிறது, சூடு பண்ணினால் மறுபடி ஆறிப்போகிறது.

எங்கே ஆரம்பித்தது என்றால் என் கண்ணில். இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆன பிறகு டாக்டர் ஆறு வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். படிக்காமல் நான் என்ன செய்வது. உன் தம்பி டிவியில் பழைய படங்களாகப் போட்டுவிட்டுப் போனான். அந்தக் கதைகள்தான் உனக்குத் தெரியுமே, அண்ணன் தங்கையைத் தொலைப்பான், கடைசி ரீலில் மச்சத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பான், அதுவரை எல்லாரும் அழுவார்கள். எனக்கு அழுகிறவர்களைப் பார்க்கப் பொறுமை கிடையாது. அவர்களுக்குப் பின்னால் தெருவில் என்ன போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். புதுக் கண்ணல்லவா, கதாநாயகி தோளுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிற பம்பர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருந்தவளுக்கு வேறெதில் கண் போகும். ஒரு சோகக் காட்சியில் எல்லாரும் பாடையைப் பார்த்துக் கதற, "அந்த ஆஸ்டினுக்குப் பின்விளக்கு மாத்திப் போட்டிருக்கான்" என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, என்னைப் போலவே பைத்தியங்கள் சேர்ந்திருக்கிற ஒரு குழுவில் என் போனை இணைத்துவிட்டான். பழைய படத்தில் பின்னணியில் நிற்கிற வண்டியைப் படம் பிடித்துப் போடுவார்கள், இது எந்த வண்டி, எந்த வருஷம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. ஒரு மெக்கானிக் தனக்குச் சைலன்சர் என்று பெயர் வைத்திருக்கிறார், அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. சினிமாவில் படத்தொகுப்பு செய்து ஓய்வு பெற்ற ஒருவர் கத்திரி. நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு மோரிஸை ஐம்பத்தாறு மாடல் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னபோது, முன் கிரில் இன்னும் சல்லடைக் கம்பியாக இருக்கிறது, ஐம்பத்துநாலின் கடைசியிலேயே அது போய்ப் படுக்கைவாட்டுப் பட்டைகள் வந்துவிட்டன, ஆகவே அதற்கு முந்தியது என்று எழுதினேன். சைலன்சர், "மேடம், உங்க காலத் தொட்டுக் கும்புடறேன், போட்டோ அனுப்புங்க" என்று பதில் போட்டார். அன்றிலிருந்து என்னைச் சர்வேயர் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எண்பத்தொரு வயதில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். சந்தைத் தெரு, துரத்தல் காட்சி, கதாநாயகன் பழக்கூடைகளைத் தள்ளிவிட்டு ஓடுகிறான், அவனுக்குப் பின்னால் நேர் எதிரே ஒரு மோரிஸ் வருகிறது. நம் வண்டி மாதிரியே நடுவில் கம்பி வைத்த இரட்டைக் கண்ணாடி, நம் வண்டி மாதிரியே வெளிறிய சாம்பல் நிறம். முன் மட்கார்டில் ஒடுக்கு. போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். உனக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து மோரிஸில் திரும்பும்போது கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வரும், விளக்கு எரியும். நம் வண்டியில் ஓட்டுநர் பக்கத்துக் கை பாதியில் மாட்டிக்கொண்டு எப்போதும் நீட்டிக்கொண்டே இருக்கும். பதில் தெரியாமலே கை தூக்குகிற பிள்ளை என்று உன் அப்பா அதைக் கிண்டல் செய்வார். இந்தப் படத்திலும் அந்தக் கை பாதி நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நம் ஊர் வண்டிகளுக்கெல்லாம் வலது பக்கம். நம்பர் பிளேட்டை ஒரு சைக்கிள் சக்கரம் முக்கால்வாசி மறைத்திருந்தது, தெரிந்தது தொடக்கத்தில் எட்டு, பூஜ்யம் என்று இரண்டு எண்கள் மட்டும். நம் நம்பர் பூஜ்யம், எட்டு என்று முடியும். அப்பாடா என்றிருந்தது. ஏன் அப்பாடா என்று அப்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. உடனே குழுவில் எழுதினேன், இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான இடது ஸ்டியரிங் வண்டி, எங்களிடம் இதே நிறத்தில் ஒன்று இருந்தது, அதன் ஒடுக்கு வலது பக்கம், இதன் ஒடுக்கு இடது பக்கம், ஐயமே வேண்டாம் என்று. எல்லாரும் கைதட்டுகிற பொம்மைப் படம் போட்டார்கள்.

இடது, வலது. இந்த இரண்டு வார்த்தையை என் கையால் எழுதினேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கிளெய்ம் பிரிவில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே இதுதான், நானும் எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் இதையே ஓதினேன். அறிக்கையில் இடது, வலது என்று எழுதாதே. ஓட்டுநர் பக்கம், நடைபாதைப் பக்கம் என்று எழுது. இடமும் வலமும் நிற்கிறவனைப் பொறுத்து மாறும், ஓட்டுநர் பக்கம் மாறாது. இடிபட்ட வண்டியைப் பார்த்துவிட்டு வலது பக்கம் என்று எழுதிக்கொண்டு வந்த சர்வேயர்களை அறிக்கையோடு திருப்பி அனுப்பியவள் நான்.

மறுநாள் கத்திரி குரல் பதிவு ஒன்று அனுப்பினார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வண்டியப் பாக்கறீங்க, நான் மனுஷங்களப் பாத்தேன். அந்தத் தெருவுல நிக்கற அத்தன ஆம்பளைக்கும் சட்டப் பாக்கெட் வலது பக்கம் இருக்கு. ஊர் மொத்தத்துக்கும் ஒரே தையல்காரன் தப்புப் பண்ணியிருப்பானா? ஃபிலிமத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்காங்க. ஓடறவன் முதல் ஷாட்ல இடமிருந்து வலம் போவான், அடுத்த ஷாட்ல வெயில் மாறிடுச்சுன்னு எதிர்ப்பக்கமா எடுத்திருப்பாங்க, சேத்தா அவன் வந்த வழியே திரும்பி ஓடற மாதிரி இருக்கும். அதனால புரட்டிப் போட்டுடுவோம். நானே எத்தன படத்துல பண்ணியிருக்கேன்" என்றார். நான் அடங்குகிறவளா. நான் தையற்கடை நடத்தவில்லை, வண்டியைத்தான் பார்க்கிறேன் என்று சுருக்கென்று எழுதினேன். அதற்கும் கோபப்படாமல், "சரிங்கம்மா, போனக் கண்ணாடிக்கு முன்னாடி ஒரு தடவ புடிச்சுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா குரூப்ப விட்டே போயிடறேன்" என்றார்.

பகல் பதினொரு மணி இருக்கும். அலமாரிக் கண்ணாடி முன் போய்ப் போனைப் பிடித்தேன். ஸ்டியரிங் வலது பக்கம் வந்தது. ஒடுக்கு வலது பக்கம் வந்தது. எட்டும் பூஜ்யமும் கண்ணாடியில் பார்த்தாலும் எட்டும் பூஜ்யமும்தான், உருவம் மாறாது, வரிசைதான் மாறும். பிளேட்டின் தொடக்கத்தில் எண்பது என்று இருந்தது கடைசியில் பூஜ்யம் எட்டு என்று நின்றது. ஓட்டுநர் பக்கம், ஓட்டுநர் பக்கம் என்று ஒரு தடவை என் பழைய வழக்கப்படி வாய்விட்டுப் படித்திருந்தால் போதும், கண்ணாடியே வேண்டியிருந்திருக்காது. எப்படித் திருப்பினாலும் ஒடுக்கு ஓட்டுநர் பக்கம்தான் இருந்தது.

அன்று மாலையே உன் தம்பியை விட்டு அந்தக் காட்சி வருகிற சினிமாவைத் தேடி டிவியில் போடச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்டான், சும்மா என்றேன். அவன் வெளியே போன பிறகு அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. இரண்டு ஷாட்டில் நம் வண்டி வருகிறது. முதலாவதில் பக்கவாட்டில் போகிறது, ஒரு கண்சிமிட்டல்தான், ஓட்டுநர் பக்கம் முழுசாகத் தெரிகிறது, மட்கார்டு முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கிறது. பின்னால் ஒரு பச்சைத் தள்ளுவண்டி நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவதில், அந்தத் திருப்பிப் போட்ட ஷாட்டில், மட்கார்டு ஒடுங்கியிருக்கிறது, பச்சைத் தள்ளுவண்டி ஒரு சக்கரம் வளைந்து சாய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்குச் சர்வேயர் தேவையில்லை. அப்புறம்தான் நான் வண்டிக்குள் பார்த்தேன். இவ்வளவு நேரமும் மட்கார்டையும் பிளேட்டையும் பார்த்தேனே தவிர, ஓட்டுகிறது யார் என்று பார்க்கவில்லை. யாரிடமோ வாங்கின ஒரு தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, உன் அப்பா. நான்கு விநாடி. சிரித்துக்கொண்டு ஓட்டுகிறார். அந்த வண்டி நம்மிடம் இருந்த பதினெட்டு வருஷமும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன், கண்ணாடியைப் பாருங்கள், முழங்கையை உள்ளே எடுங்கள், கியரை அரைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு. அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, இப்போதுதான் பார்க்கிறேன்.

உனக்குத் தெரியாததா, இருந்தாலும் எழுதுகிறேன், என் பக்கத்துக் கணக்கும் இருக்கட்டும். சினிமாக் கம்பெனி மேனேஜர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து வண்டியை இரண்டு நாள் கேட்டார், உன் சித்தப்பாவின் சிநேகிதர். கூத்தாடிகளுக்கு வண்டி கொடுக்கிற குடும்பம் இது இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்தினேன். உன் அப்பாவிடம் சத்தியம் மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் நான் ஹெட் ஆபீஸுக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். சனிக்கிழமை மாலை திரும்பி வந்தால் வாசலில் வண்டி ஒடுக்கோடு நிற்கிறது. உன் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நானும் இப்பத்தான் பார்த்தேன் என்றார். நீ அந்த மாதம்தான் அவரிடம் ஞாயிறுதோறும் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாய், புதன்கிழமை என்னிடம் சாவி கேட்டிருந்தாய், நான் மறுத்திருந்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உன்னைக் கூடத்தில் நிற்க வைத்தேன். நீ நான் இல்லை என்றாய். மூன்று தடவை சொன்னாய். அப்படியானால் யார் என்று கேட்டேன். நீ செய்தித்தாளைப் பார்த்தாய், அப்புறம் தரையைப் பார்த்தாய், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வாய் என்றுதானே உன் அப்பா உன்னை வக்கீலம்மா என்று கூப்பிடுவார், எனக்கு அந்தப் பட்டப்பெயர் பிடிக்காது, நான் கூப்பிட்டதே இல்லை. அன்று வக்கீல் வாயை மூடிக்கொண்டது குற்றத்தால்தான் என்று முடிவு கட்டினேன்.

அலமாரியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தேன், வண்டியை விற்ற பிறகும் அதன் காகிதங்களை நான் எறியவில்லை. ஆபீஸில் எழுதுகிற மாதிரியே அன்று ஒரு சேத அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டுநர் பக்க முன் மட்கார்டு, எட்டு அங்குல நீளம், பச்சை பெயிண்ட் தீற்றல், காரணம் எதிர்வீட்டுப் பச்சை கேட்டில் மோதல், ஓட்டியவர் மகள். தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம் என்கிற இடம் காலியாக இருக்கிறது. உயரம் எழுதாத அறிக்கையை நான் ஆபீஸில் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி நாலு எட்டு வைத்து அந்தக் கேட்டை அளந்திருந்தால், அது ஒத்துப்போகாது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஊரான் வண்டிக்கு நியாயம் பார்த்தவள் வீட்டில் அளக்கவில்லை. எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அதனால் அளக்கவில்லை. கோப்பில் இன்னொரு காகிதமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

போன வாரம் உன் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு எண்பத்துநாலு, காது மந்தம், ஆனால் வேண்டியது காதில் விழும். படத்தைப் பார்த்தேன் என்றேன்.  "அண்ணி, இத்தன வருஷம் கழிச்சு அத எதுக்குத் தோண்டறீங்க" என்றார். சொல்லுங்கள் என்றேன். சொன்னார். வண்டியை மட்டும் அனுப்புவதாகத்தான் இருந்ததாம், சாவியைக் கொடுக்கப் போனவருக்கு விளக்கையும் கேமராவையும் பார்த்ததும் காலை அங்கிருந்து எடுக்க மனசில்லையாம், நானே ஓட்டுகிறேனே என்று கேட்டாராம். காசு ஒன்றும் வாங்கவில்லையாம். வண்டியைத் திருப்பும்போது பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியைக் கவனிக்கவில்லையாம். "அண்ணன் உங்ககிட்டச் சொல்லணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு மட்கார்டத் தடவிப் பாத்தீங்களாம், அந்த முகத்தப் பாத்ததும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றார். சரி, மகள் மாட்டிக்கொண்ட பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லத்தான் கிளம்பினாரு அண்ணி. பொண்ணுதான் தடுத்துச்சு. அப்பா, நீங்க சும்மா இருங்க, அம்மா என்கிட்டன்னா பத்து நாள் பேச மாட்டாங்க, உங்ககிட்டன்னா பத்து வருஷம் பேச மாட்டாங்கன்னு சொல்லிச்சாம். அண்ணன் என் வீட்டுக்கு வந்து அதச் சொல்லி அழுதாரு" என்றார். நான் போனை வைத்துவிட்டேன், வைக்கிறேன் என்று சொல்லக்கூட இல்லை. என்ன மரியாதை இது, மறுநாள் கூப்பிட்டு அதற்கு மன்னிப்பு கேட்டேன். சின்ன விஷயத்துக்கு எனக்குக் கேட்க வருகிறது.

அதற்குப் பிறகு இந்த நடை இன்னும் கூடிவிட்டது. அடுப்படிக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் அலமாரிக்கும். உன் அப்பாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் அவர் படத்துக்கு முன்னால் போகாமலே இருந்தேன். மூன்றாம் நாள் அது நீ சொன்ன பத்து வருஷத்தின் முதல் இரண்டு நாள் என்று உறைத்தது, போய் நின்றேன். பதினேழு வயதில் நீ என்னை அளந்த அளவு ஓர் அங்குலம்கூடத் தப்பவில்லை. வீட்டில் ஒருவர் தனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு வந்து சொல்ல முடியாத முகம் என் முகம், அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது, பழியை ஏற்பது உனக்குச் சுலபமாக இருந்தது. நான் நியாயமானவள் என்று ஊரே சொல்லும், நானும் நம்பினேன். நீ அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஓட்டத் தெரியாதவர்கள் காலை ஊன்ற முடியாத ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு, ஐம்பத்தெட்டு வயதில், ஆஸ்பத்திரி லேபுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாய், குளிரில் நிற்கிறாய். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும், "அவளுக்குப் பயம் அத்தை" என்று சொல்லும்போது நான், சின்ன வயதிலேயே ஒரு தடவை இடித்தவள், அதுதான் என்று சொல்லியிருக்கிறேன். உன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். நீ காய் நறுக்கிக்கொண்டே இருந்தாய்.

முதல் வேலையாகக் குழுவில் திருத்தம் போட்டேன். என் பதிவு தவறு, கத்திரி சொன்னது சரி, வண்டி எங்களுடையது, ஓட்டுகிறவர் என் கணவர் என்று எழுதினேன்.  சைலன்சர்தான் முதலில், "அம்மா, சார் கை போட்டு ஓட்டற ஸ்டைலுக்கு ஹீரோவே ஓரமா ஓடறாரு பாருங்க" என்று எழுதினார். சிரித்துவிட்டேன். கத்திரி அந்த நான்கு விநாடியை மட்டும் வெட்டி, நேராகத் திருப்பி எனக்கு அனுப்பியிருக்கிறார். உன் தம்பி உனக்கும் அனுப்புவான், அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். நான் தீர்ப்புச் சொன்னதும் எல்லார் எதிரிலும்தானே.

இப்போது அந்த இன்னொரு காகிதம். இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, நாலாக மடித்தது, மடிப்பில் கிழிகிற மாதிரி இருக்கும், பார்த்துப் பிரி. நான் பதினோரு நாள் உன்னோடு பேசாமல் இருந்து உன்னிடம் எழுதி வாங்கின கடிதம். உங்கள் அனுமதியில்லாமல் வண்டியை எடுத்து வலது பக்க மட்கார்டை நசுக்கியது நான், இதற்காக மண்ணிப்பு கேட்கிறேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதில் சிவப்பு மையால் இரண்டு திருத்தம் இருக்கும், அன்று நான் செய்தது. வலது பக்க என்பதை அடித்து ஓட்டுநர் பக்க என்று எழுதியிருக்கிறேன், மண்ணிப்பில் மூன்று சுழியை அடித்து இரண்டு சுழி போட்டிருக்கிறேன். அழுதுகொண்டே எழுதின பிள்ளையின் கடிதத்தில் எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன். இன்று காலை அதே சிவப்பு மையில் இன்னும் இரண்டு திருத்தம் செய்தேன். நீ தயவு செய்து அதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள், அல்லது எறி, உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். இதற்குப் பதிலாக, பரவாயில்லைம்மா என்று ஒரு வரி எழுதிவிடாதே. பரவாயில்லை என்று நீ நாற்பத்தொரு வருஷம் இருந்தாகிவிட்டது. கோபமாக எழுதுவதானால் எழுது, முழுசாக எழுது, வக்கீல் மாதிரி எழுது. நான் உட்கார்ந்து படிப்பேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று டாக்டரிடம் இன்னொரு தடவை கேள். மாப்பிள்ளையிடம் என் விசாரிப்பைச் சொல், நான் அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னது தவறு என்றும் சொல், நானே போனிலும் சொல்கிறேன். முக்கியமானதை மறக்காதே, அங்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் இந்த வாரமே பெயரைக் கொடு. வயதாகிவிட்டது என்று சொல்லாதே, தம்பி அனுப்புகிற அந்த நான்கு விநாடியில் உன் அப்பா சிரிப்பைப் பார், அவருக்கு அன்று ஐம்பது. முழங்கையை வெளியே போட்டு ஓட்டினால்கூட நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப் போகிறேன் நான்.

பழைய கடிதத்தின் கடைசி வரியைப் பார். நசுக்கியது நான் என்று இருந்ததில், நான் என்ற சொல்லுக்குப் பின்னால் இல்லை என்று சேர்த்திருக்கிறேன். மன்னிப்பு கேட்கிறேன் என்பதை நான் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த உன் கையெழுத்தை அடித்துவிட்டு, என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

வக்கீலம்மாவின்
அம்மா